ஐஸ் இல்லாத ஊரில் கொடித் தூண்டில்

“அண்ணா, ஐஸ்ல ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறாங்களே, அது மாதிரி நாமளும் ஒரு நாள் போலாமா?”

கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பெண். கடலூர் முதுநகரில் நானும் இரண்டு நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சின்னப் படிப்பகம் நடத்துகிறோம். அதற்கு வருகிற பதினோரு பேரில் இவள் ஒருத்தி. கொரியத் தொடர் பார்க்கிற கூட்டம் இப்போது எல்லாத் தெருவிலும் இருக்கிறது; எங்கள் கூட்டத்துக்கு இவள்தான் தலைவி. தென்கொரியாவில் ஹ்வாச்சியோன் என்றொரு ஊர். அங்கே ஜனவரி மாதம் உறைந்து கிடக்கும் ஆற்றின் மேல் ஆயிரக்கணக்கில் ஓட்டை போட்டு, சனங்கள் குப்புறப் படுத்து டிரவுட் மீன் பிடிப்பது பெரிய திருவிழா. அந்த வீடியோவை எல்லாருக்கும் காட்டி முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறாள். பின்னால் பத்து தலைகள்.

கடலூரில் தை மாத விடியற்காலையில்கூடக் குளிர் இருபது டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். நம் ஊரில் மீன் செத்த பிறகுதான் ஐஸைப் பார்க்கும். சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் ஒன்று உறுத்தியது. துறைமுகத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருக்கிற இந்தப் பதினோரு பேரில் தூண்டிலைக் கையால் தொட்டவர்கள் இரண்டே பேர். அந்த இருவரும் சோனங்குப்பத்து மீனவர் வீட்டுப் பையன்கள். மற்றவர்களுக்கு மீன் என்றால் குழம்பு.

சரி, ஐஸ் இல்லாமல் அந்த மீன்பிடியில் எதை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று தேடினேன். கிடைத்தது கொடி.

பனிநாட்டில் ஒரே ஆள் நாலைந்து ஓட்டை போட்டுவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னச் சட்டத்தை நிறுத்திவிடுவார். சட்டத்தில் தூண்டில் நரம்பு சுற்றிய உருளை இருக்கும். மீன் இரையைக் கவ்வி இழுத்தால் உருளை சுழலும், பிடி விலகும், மடக்கி வைத்த கொடி எழும்பி நிற்கும். அதுவரை குளிர்காய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம். உருளையைத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைப்பார்கள். வெளியே இருந்தால் உறைந்து சுற்றாமல் நின்றுவிடும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஓட்டைக்குப் பதில் மரத்துறையின் விளிம்பு போதும். செங்குத்தாக நரம்பை இறக்க வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அந்த “அவ்வளவுதானே” பற்றிப் பின்னால் வருகிறேன்.

கொடி செய்த கதை

ஆறு சட்டங்கள் செய்வதாகத் திட்டம், இருவருக்கு ஒன்று. பதினொன்றாவது ஆள் ஒற்றையாக மிஞ்சினான். அவன் சோனங்குப்பத்துப் பையன்களில் பெரியவன், “எனக்கு மெஷின் வேணாண்ணா, கைத்தூண்டில் போதும்” என்று முதலிலேயே விலகிக்கொண்டான். அவனுக்கு இந்த வேலையெல்லாம் வேடிக்கை. அப்புறமும் ஒரு ஜோடிக்கான சட்டம் உபரியாக நிற்கட்டும் என்று ஆறையே செய்தோம். நல்ல வேளை.

அடிப்பலகை ஒன்றரை அடி நீளம், நாலு அங்குல அகலம். பழைய கட்டில் சட்டத்தை அறுத்தது. அதன் ஒரு முனை துறைப் பலகைக்கு வெளியே அரை அடி நீட்டி நிற்கும். மறுமுனையைக் கயிற்றால் துறையோடு கட்டிவிட வேண்டும். நீட்டி நிற்கும் முனையில் முக்கால் அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றரை அடி உயரத்துக்கு நிற்கும். உருளைக்குத்தான் அலைந்தோம். நூல்கண்டுக் கட்டை, ரிப்பன் சுற்றிய வட்டு எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் டிவி மெக்கானிக் கடையில் கிடைத்தது: சால்டர் ஈயம் சுற்றி வருகிற பிளாஸ்டிக் உருளை. நடுவில் ஓட்டை, இரு பக்கமும் உயர்ந்த விளிம்பு, கேட்டதற்குக் காசுகூட வாங்கவில்லை. ஆறு எம்.எம். போல்ட்டைக் குழாயில் ஊடுருவ விட்டு, அதில் உருளையை மாட்டி, இரு பக்கமும் வாஷர், வெளியே இரட்டை நட். ஒற்றை நட் போட்டால் உருளை சுழலச் சுழல அதுவும் கழன்று வரும். போட்டுப் பார்த்து, கழன்று விழுந்ததைத் தேடி எடுத்த பிறகு சொல்கிறேன்.

கொடிக்கு முதலில் குடைக்கம்பி. வீட்டில் உடைந்த குடை இல்லாத ஆள் உண்டா! ஆறு கம்பியைக் கழற்றி, முனையில் சிவப்புத் துணி கட்டி, வளைத்துக் கீழே மாட்டினோம். முதல் தடவை ஜோராக எழும்பியது. பத்து நிமிடம் வளைத்தே வைத்திருந்துவிட்டு விட்டுப் பார்த்தால் பாதிதான் எழும்புகிறது. அரைக்கம்பத்தில் பறக்கும் கொடி மாதிரி ஒரு சோகம். குடைக்கம்பி தகட்டை மடித்துச் செய்தது. ஒரு எல்லைக்கு மேல் வளைத்தால் மடிந்து போகும், திரும்பாது.

இரண்டு வாரம் அங்கேயே நின்றோம். வழி சொன்னது ஏழாம் வகுப்புப் பொடியன். அவன் அப்பா கொத்தனார். வீட்டில் சுருள் அறுந்த ஸ்டீல் டேப் ஒன்று கிடந்ததை எடுத்து வந்து, நீட்டி மடக்கி விட்டுக் காட்டினான். டப் என்று நிமிர்ந்து நின்றது. அந்தத் தகடு குறுக்குவாட்டில் லேசாகக் குழிந்திருப்பதுதான் சூட்சுமம். எத்தனை நேரம் மடக்கி வைத்தாலும் விட்டதும் நேராகிவிடும். மூன்று மீட்டர் டேப், அரை மீட்டர் வீதம் ஆறு துண்டு. முனைக்கொக்கியை வெட்டி எறிந்ததில் கடைசித் துண்டு மட்டும் கொஞ்சம் குட்டை. வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றாமல் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

பிடி என்பது ஒரு சைக்கிள் கம்பி. ஒரு முனையை வளையமாக்கிக் குழாயில் ஸ்க்ரூ போட்டோம், ஆடும்படியாக. மறுமுனை மடக்கிய டேப்பின் நுனியை அமுக்கிக்கொண்டு நிற்கும். உருளையின் விளிம்பில் ஒரு சின்ன ஆணி. உருளை கால் சுற்று சுற்றினால் ஆணி கம்பியைத் தட்டும், கம்பி விலகும், கொடி எழும்பும். உருளை எந்த நிலையில் நின்றாலும் தட்ட வேண்டும் என்பதால் விளிம்பில் எதிரெதிராக இரண்டு ஆணி அடித்தோம். ஆணியைச் சூடாக்கிச் செருகினால் பிளாஸ்டிக் வெடிக்காது.

நரம்பு 0.40 எம்.எம்., ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து மீட்டர். கடைசியில் முப்பது கிராம் ஈயம், அதற்கு ஒரு சாண் மேலே கிளை நரம்பில் ஒரு முள். எல்லா முள்ளிலும் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் பார்த்திருக்கும் குட்டிக் கூர்முனையைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டேன். மீன் கொஞ்சம் தப்பும். ஆனால் பதினோரு பிள்ளைகள், இருபத்திரண்டு கைகள். யார் விரலில் ஏறினாலும் அதே வழியில் உருவி எடுத்துவிடலாம்.

மொட்டை மாடியில் ஒத்திகை. ஒருவன் நரம்பைப் பிடித்துக்கொண்டு மீனாக ஓடுவான், கொடி எழும்பும், மற்றவர்கள் கூச்சல். மீனாக ஓடுவதற்குத்தான் போட்டி. மாடியில் ஆறும் பழுதில்லாமல் வேலை செய்தன.

ஐஸ் பாரில் ஒரு ஓட்டை

ஐஸில் ஓட்டை போடாமல் விடுவதில்லை என்று அந்தப் பெண் பிடிவாதமாக இருந்தாள். எனக்கும் உள்ளூர ஆசைதான். துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் அரை பார் வாங்கி, நனைந்த சாக்கில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டோம். எங்கள் தெருத் தச்சரிடம் கையால் திருகும் பழைய துறப்பணம் ஒன்று உண்டு. முக்கால் அங்குலத் துளை போடும். ஐஸ் ஒரு சாண் கனம் இருந்தது. நாலு பேர் மாறி மாறித் திருகி எட்டு நிமிடத்தில் அடுத்த பக்கம் வெளிச்சம் வந்தது. கை விறைத்துவிட்டது என்று எல்லாருக்கும் பெருமை.

அங்கே போடும் ஓட்டை ஆறிலிருந்து பத்து அங்குல அகலம், சாப்பாட்டுத் தட்டு அளவு என்று சொன்னதும், ஒற்றை விரல் மட்டுமே நுழைகிற தங்கள் துளையை எல்லாரும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்கள். “ஐஸ் உடைஞ்சு உள்ள போயிட்டா?” என்றான் பொடியன். தெளிவான பனிக்கட்டி குறைந்தது நாலு அங்குலம் இருந்தால்தான் மேலே நடக்கலாம் என்பது வட அமெரிக்காவில் சொல்லும் கணக்கு. வெளுத்துப்போய்ப் பனித்தூள் கலந்த கட்டி என்றால் அதில் பாதி பலம்தான். “அடியில இருக்கிற மீன் உறைஞ்சு போகாதா?” என்பது அடுத்த கேள்வி. தண்ணீர் நாலு டிகிரியில்தான் அதிக அடர்த்தி. அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் லேசாகி மேலே வந்துவிடும், மேலிருந்து உறையும்; ஐஸும் மிதக்கும். அதனால் ஏரியின் அடித்தண்ணீர் நாலு டிகிரியை ஒட்டியே கிடக்கும், மீனும் பிழைத்துக் கிடக்கும். டம்ளரில் ஒரு ஐஸ் துண்டைப் போட்டு, பத்தில் ஒன்பது பங்கு உள்ளே முழுகியிருப்பதைக் காட்டினேன். பள்ளியில் படித்ததுதான், ஆனால் கை விறைத்த பிறகு கேட்கும்போது காது வேறு மாதிரி திறக்கிறது.

துருவல் ஐஸை அள்ளி வாயில் போடப் போனவர்களை அதட்ட வேண்டியிருந்தது. மீனுக்குப் போடும் ஐஸ் தின்பதற்கு அல்ல. நன்னாரி சர்பத் பாட்டில்களையும் இரைக்கு வாங்கிய பொடி இறாலையும் தனித்தனித் தெர்மகோல் பெட்டியில் அதற்குள் புதைத்தோம்.

நாள் பார்த்ததில் செய்த தப்பு

இடம் கழிமுகத்துக்குப் பக்கம், தெரிந்த பெரியவர் ஒருவர் தன் படகைக் கட்டும் மரத்துறை. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து உப்பனாற்றங்கரை வேண்டவே வேண்டாம் என்று பெற்றோர் சொன்னார்கள், எனக்கும் அதே எண்ணம். அதனால் கடல் தண்ணீர் தாராளமாக ஏறி இறங்கும் இடமாகப் பார்த்தோம். அப்படியும், பிடிப்பதை அளந்து பார்த்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவது, தின்பதில்லை என்று முன்னாலேயே பேசிவிட்டேன்.

பெரியவரை நான் “அண்ணே” என்பேன், பிள்ளைகளுக்குத் தாத்தா. நாள் குறிக்கப் போனபோது ஒரே வார்த்தைதான் சொன்னார்: “அஷ்டமி நவமில வா தம்பி. அமாசைக்கு நீவாடு இழுக்கும்.”

ஊரே அஷ்டமி நவமியை ஒதுக்கும். தூண்டில்காரருக்கு அதுதான் நல்ல நாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். நம் கரையில் அப்போதும் சுமார் ஒரு மீட்டர்தான், ஆனால் அத்தனை தண்ணீரும் ஆற்று வாய் வழியாகப் போய் வர வேண்டும். நீரோட்டத்தைத்தான் நீவாடு என்கிறார். பாதி நிலா நாட்களில் ஏற்றம் அதில் பாதிகூட இருக்காது, தண்ணீர் அசமந்தமாகக் கிடக்கும், நரம்பு நின்ற இடத்தில் நிற்கும்.

புரிந்தது. ஆனால் அந்த வாரம் ஒருவருக்குப் பரீட்சை, அடுத்த வாரம் ஒருவர் வீட்டில் காதுகுத்து. கடைசியில் எல்லாருக்கும் ஒத்துவந்த ஞாயிறு தை அமாவாசை கழிந்து இரண்டாம் நாள். பெரியவர் காலண்டரைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கூட வந்த பெரியவர்கள் என்னோடு நாலு பேர். உயிர்காப்பு உடுப்பு பதினொன்று. படகுக்காரர் ஒருவரிடம் ஆறு, மீதி ஐந்தைக் காசு கொடுத்து வாங்கினேன். துறையில் கால் வைத்தது முதல் இறங்கும் வரை கழற்றக் கூடாது. வெயிலில் அரிக்கிறது என்று முனகினார்கள், முனகட்டும். நீந்தத் தெரிந்தவர்கள் மூன்று பேர் மட்டும். காலி ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனின் கைப்பிடியில் இருபது மீட்டர் கயிறு கட்டி, கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி, யாராவது விழுந்தால் எறிவதற்காகத் துறையின் இரு முனையிலும் வைத்தோம். தண்ணீர் இல்லாத கேன் காற்றில் பறக்கும், எறிந்த இடத்துக்குப் போகாது.

கொடி, கொடி, கொடி

ஏழரைக்கு ஐந்து ஜோடிக்கும் ஐந்து கொடியை மடக்கி நிறுத்தினோம். ஏற்றம் உச்சிக்கு வருவது ஒன்பது நாற்பது வாக்கில். தண்ணீர் வேகமாக உள்ளே ஏறிக்கொண்டிருந்தது.

மூன்றாவது நிமிடம் முதல் கொடி. பதினோரு பேரும் ஒரே முனைக்கு ஓட, துறை ஆடியது. என் வயிறும். இழுத்தால் வெறும் முள். மாட்டித் திரும்புவதற்குள் இரண்டாவது கொடி, நாலாவது, மறுபடி முதலாவது. எல்லாம் நீவாடு. முப்பது கிராம் ஈயத்தைத் தண்ணீர் சும்மா தூக்கிக்கொண்டு போகிறது. நரம்பு செங்குத்தாக இல்லை, காற்றாடி நூல் மாதிரி சாய்ந்து ஓடுகிறது. உருளை தானாகச் சுழல்கிறது. உறைந்த ஏரியில் ஓட்டை போட்டவருக்கு அடியில் தண்ணீர் அசையாது. மொட்டை மாடியிலும் தண்ணீர் அசையவில்லை. நான் பெரியவர் பக்கம் திரும்பவே இல்லை.

முதல் வேலை ஓட்டத்தை நிறுத்தியது. கொடி எழும்பினால் அதன் ஜோடி மட்டும் எழுந்து நடக்கலாம், ஓடினால் அடுத்த முறை இழக்க வேண்டும். இரண்டாவது, ஈயம். பெரியவர் தன் பெட்டியிலிருந்து எண்பது கிராம் உருண்டைகளை எடுத்து, பேசாமல் என் பக்கம் தள்ளினார். மூன்றாவது, உருளைக்கு ஒரு தடை. சைக்கிள் டியூபில் விரல் அகலத்துக்கு வளையம் வெட்டி, உருளையின் விளிம்பைக் குழாயோடு சேர்த்து மாட்டினோம். இறுக்கம் எவ்வளவு என்பது கைப்பழக்கம். நீவாட்டுக்கு அசையக் கூடாது, மீனுக்கு அசைய வேண்டும். இரண்டு சட்டத்தில் இது சரியாக வந்தது. மற்றவை ஒன்று சும்மா எழும்பின, அல்லது பெரியவரே இழுத்தாலும் எழும்பவில்லை. ஒரு சட்டத்தில் போல்ட் வளைந்தே போனது. உபரியை எடுத்து மாற்றினோம்.

இதற்குள் எட்டே கால். ஐந்து பேர் செல்போன் கேட்டுவிட்டார்கள்.

காப்பாற்றியது நண்டு. இதை நான் மாற்றுத் திட்டமாகத்தான் கொண்டு போயிருந்தேன்; இனி இதுதான் முதல் திட்டம். முள்ளே வேண்டாம். மெல்லிய நைலான் கயிற்றில் கோழிக் கழுத்து ஒன்றைக் கட்டி, கூடவே ஒரு கல், துறைக்கால் ஓரமாகத் தரை வரை இறக்க வேண்டும். இரண்டு நிமிடம் கழித்துக் கயிற்றை விரலால் தொட்டுப் பார்த்தால் நறநறவென்று யாரோ பிய்ப்பது தெரியும். அப்போது அவசரப்படாமல், குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குகிற மாதிரி தூக்க வேண்டும். நண்டு கழுத்தை விடாது, பேராசைக்காரன். ஆனால் தண்ணீருக்கு மேலே தலை வந்ததும் விட்டுவிடும். அதற்கு ஒரு முழம் கீழே இருக்கும்போதே இன்னொருவர் கைவலையை அடியில் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் தூக்க, ஒருவர் வலை பிடிக்க. முதல் மூன்று நண்டு போயிற்று, தூக்கியவரும் வலைக்காரரும் சண்டை போட்டதில். நாலாவது வந்தது. கரும்பச்சை ஓடு, பெரியவர் உள்ளங்கையை விடப் பெரிது, கொடுக்கு இரண்டும் விரிந்து.

அப்புறம் எனக்கு வேலையே இல்லை. செல்போன் கேட்ட ஐந்து பேரும் துறைமேல் குப்புறப் படுத்துக் கயிற்றில் விரல் வைத்திருந்தார்கள். ஹ்வாச்சியோன் வீடியோவில் பார்த்த அதே படுக்கை. கொரியத் தலைவி அதைக் கவனித்துச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நண்டைப் பின்பக்கமாக, கடைசித் துடுப்புக்கால்களை ஒட்டிப் பிடிப்பது எப்படி என்று பெரியவர் காட்டினார். இரண்டு பேர் தைரியமாகப் பிடித்தார்கள். மொத்தம் ஆறு நண்டு, ஸ்கேலில் அளந்து நோட்டில் எழுதி, விட்டாயிற்று.

ஒன்பதரைக்குத் தண்ணீர் நின்றது. நிஜமாகவே நின்றது, மிதந்து போய்க்கொண்டிருந்த ஒரு தென்னை மட்டை துறைக்கு எதிரே தயங்கி நின்று, எந்தப் பக்கம் போவது என்று யோசித்தது. நரம்புகள் முதல்முறையாக நேராக இறங்கின. டியூப் வளையத்தைக் கழற்றினோம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே அரை, முக்கால் மணி நேரம்தான் இந்த அமைதி, அதற்குள் கொடி மூன்று முறை உண்மையாக எழும்பியது.

முதலாவது கீச்சான். உடம்பில் வளைந்த கருங்கோடு, கையில் எடுத்ததும் கீச்கீச்சென்று கத்தியது. பேர்க்காரணத்தை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது பேத்தை. வந்ததும் வயிற்றை ஊதிப் பந்தாகிவிட்டது. எல்லாருக்கும் அதைக் கையில் வாங்க ஆசை. பெரியவர் தொடவிடவில்லை. அதன் ஈரலிலும் சினையிலும் உள்ள விஷம் சமைத்தாலும் போகாது என்று மட்டும் சொல்லி, முள்ளைக் குறடால் உருவி, தண்ணீரில் விட்டார். ஊதிய வயிறு மேலே, கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுச் சுருங்கி உள்ளே போனது.

மூன்றாவது கெளுத்தி, அது என் பங்கு. முள்ளை எடுக்கும்போது பக்கத்துடுப்பின் முள் கட்டைவிரலின் அடியில் ஏறியது. ஏறின வேகத்தைவிட வலி ஏறின வேகம் அதிகம், ஐந்து நிமிடத்தில் முழங்கை வரை. கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, மூன்று முள்ளிலும் விஷம் உண்டு. பிள்ளைகள் முன்னால் கத்தக்கூட முடியவில்லை. பெரியவர் டீக்கடைக்கு ஆள் அனுப்பி வெந்நீர் வரவழைத்தார். அந்த விஷம் சூட்டில் சிதைகிற வகை, ஆகவே தாங்குகிற சூட்டில் கையை முக்கி வைப்பதுதான் முதலுதவி. ஒரு எச்சரிக்கை: சூடு பார்ப்பது அடிபடாத கையால். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, வெந்துபோகும். அரை மணியில் வலி பாதியாகிவிட்டது. முள் துண்டு உள்ளே தங்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, மறுநாள் டி.டி. ஊசியும் போட்டுக்கொண்டேன். மூச்சு முட்டினாலோ வீக்கம் ஏறினாலோ வெந்நீரை நம்பி உட்கார்ந்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டியதுதான்.

இந்த ரகளைக்கு நடுவே கைத்தூண்டில் பையன் துறையின் ஓரத்தில் சத்தமில்லாமல் ஐந்து மீன் பிடித்திருந்தான். கிழங்கான் மூன்று, கீச்சான் இரண்டு. நரம்பு ஆள்காட்டி விரலின் மேல் ஓடுகிறது, அவ்வளவுதான் அவன் கருவி. ஆறு சட்டம், இரண்டு மாத வேலை, மூன்று மீன். “பரவால்லண்ணா, உங்க கொடி பாக்க நல்லா இருக்கு” என்றான். பதினைந்து வயதுக்காரன் ஆறுதல் சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் முறை. ஆனால் போவதற்குமுன் நாலு பேருக்குக் கைத்தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தான். கொடியைக் காத்து உட்கார்ந்து பழகாதவர்கள் அவன் சொன்னதை அத்தனை பொறுமையாகக் கேட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பத்தேகாலுக்குத் தண்ணீர் கடல் பக்கம் இழுக்கத் தொடங்கியதும் நரம்பையெல்லாம் சுருட்டிவிட்டோம். அறுந்த நரம்புத் துண்டு ஒன்றுகூடத் துறையில் கிடக்கக் கூடாது என்று பெரியவரின் கட்டளை. பறவைக் காலில் சுற்றுவதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அவர் வீட்டு ஆயா துறைமுகத்தில் மீன் விற்பவர். அன்று வந்த காரப்பொடி மீனில் குழம்பு வைத்து, சோற்றுப் பானையோடு கொண்டுவந்திருந்தார். மீன் சாப்பிடாமல் பிள்ளைகளை அனுப்புவதா என்பது அவர் கட்சி. ஐஸில் புதைத்த சர்பத் பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது.

சட்டங்கள் இப்போது படிப்பகத்துப் பரணில். மூன்றாம் நாளே போல்ட் எல்லாம் உப்பில் துருவேறிவிட்டன, எவர்சில்வர் போல்ட் வாங்க வேண்டும். வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசியிருந்தால் இந்தச் செலவு இல்லை. டியூப் வளையத்துக்குப் பதில் போல்ட்டில் ஸ்ப்ரிங்கும் சிறகு நட்டும் போட்டால் தடையை விரலால் திருகிக் கூட்டிக் குறைக்கலாம் என்று பொடியன் படம் போட்டு வைத்திருக்கிறான். அடுத்த தேதி அஷ்டமியில் வரும் ஞாயிறு. அதைக் குறித்த பிறகுதான் பரீட்சை, காதுகுத்து எல்லாம் விசாரித்தேன்.

போன வாரம் பெரியவர் படிப்பகத்துக்கு வந்தார். ஒரு சட்டத்தை எடுத்து, உருளையைத் தட்டி, கொடி எழும்புவதை நாலைந்து முறை பார்த்தார்.

“ராத்திரில இது எப்படித் தெரியும் தம்பி?”

தெரியாதுதான் என்றேன்.

“மணி கட்டிக் குடு. நான் ஒண்ணு வச்சுக்கிறேன்.”

டேப் முனையில் துணிக்குப் பதிலாக இரண்டு சலங்கை மணி கோத்திருக்கிறோம். எழும்பும்போது நன்றாகவே கேட்கிறது. நிமிர்ந்த பிறகும் காற்றுக்கு ஆடிச் சிணுங்கிக்கொண்டே இருக்கிறது, அதை எப்படி நிறுத்துவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.